கிளேர்மான்ட்: கிளைவ் குடிபோகாத வீடு

சில வருடங்களுக்கு முன் ஆன்சைட் வேலையாக லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே பகுதியில் நாலு மாதம் தங்கியிருந்தேன். சனி, ஞாயிறு வந்தால் கூட இருந்தவர்கள் எல்லாம் லண்டனுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். நான் பக்கத்து ஊர்களில் சுற்றிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஷர் என்ற சிற்றூரில் 'கிளேர்மான்ட்' தோட்டத்துக்குப் போனேன். டிக்கெட் கவுன்டரில் கொடுத்த துண்டுக் காகிதத்தில் இந்த எஸ்டேட்டின் பழைய உரிமையாளர்கள் பட்டியல் இருந்தது. அதில் ஒரு பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ராபர்ட் கிளைவ்.

நம்ம கிளைவ்தான். ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தாரே, அவரேதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொல்லியல் துறை அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். அந்தக் கோட்டையிலேயே இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1753ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. சென்னையில் அவர் இருந்த இடங்களை எல்லாம் ஓரளவு சுற்றிப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து கொண்டுபோன காசில் அவர் என்ன செய்தார் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும் "இதுக்கு யார் காசு குடுத்தா?" என்று கேட்டுவிடுவேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்கியதும் உண்டு. எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு வசதி இருக்கிறது. பத்து வருடப் பழைய புரோகிராமை எடுத்து 'பிளேம்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று வரிசையாகக் காட்டிவிடும். இங்கிலாந்தின் பெரிய பண்ணை வீடுகளும் பழைய புரோகிராம் மாதிரிதான். ஒரே ஆள் கட்டி முடித்ததாக எதுவும் கிடையாது. ஒருத்தர் கட்டியதை அடுத்தவர் இடிப்பார், அதற்கடுத்தவர் மரம் நடுவார். கிளேர்மான்ட்டுக்கு அப்படி ஒரு 'பிளேம்' போட்டுப் பார்த்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நாடக ஆசிரியர் கட்டிய முதல் வீடு

1709 வாக்கில் இங்கே இருந்தது ஒரு பண்ணை நிலம். அதை வாங்கித் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டியவர் ஜான் வான்பரோ. நாடக ஆசிரியராக இருந்து கட்டடக் கலைஞரானவர். பிளென்ஹைம் மாளிகையும் காஸில் ஹவர்டும் இவர் கைவண்ணம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. வான்பரோ இருபது வயதுகூட நிறையாத நிலையில், 1683 முதல் 1685 வரை கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக சூரத்தில் வேலை பார்த்தவர். இது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கம்பெனி ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. அதாவது, இந்த நிலத்தில் முதல் வீட்டைக் கட்டியவரும் ஒரு காலத்தில் கம்பெனி குமாஸ்தாதான். கிளைவ் வருவதற்கு அறுபது வருடம் முன்பே இந்தியாவைப் பார்த்த ஒரு ஜோடிக் கண்கள் இந்த மண்ணில் வாழ்ந்திருக்கின்றன. வான்பரோ அங்கே பணம் சேர்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

1714ல் வான்பரோ இந்த இடத்தை தாமஸ் பெல்ஹாம் என்ற இளம் பிரபுவுக்கு விற்றார். அவருடைய அப்போதைய பட்டம் கிளேர் பிரபு. அருகில் இருந்த குன்றின் மேல் வான்பரோவை வைத்தே கோட்டை மாதிரி நான்கு மூலைக் கோபுரங்களோடு ஒரு காட்சி மண்டபம் கட்டினார். கிளேர் பிரபுவின் மேடு என்ற பொருளில் இடத்துக்குக் 'கிளேர்-மவுன்ட்' என்று பெயர் வந்தது, அதுதான் கிளேர்மான்ட் ஆனது. அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது.

இந்தப் பிரபுதான் பின்னாளில் நியூகாஸில் கோமகன். இரண்டு முறை பிரதம மந்திரியாக இருந்தவர். பிளாசி வெற்றிச் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோதும் பிரதமர் இவர்தான். தன் வீட்டுக்கு அடுத்த சொந்தக்காரர் யார் என்பதை அந்தச் செய்தியே சொல்லிவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்!

கோமகனின் காசு பரம்பரை நிலங்களின் குத்தகைப் பணம். அதைத் தேர்தலிலும் விருந்திலும் தோட்டத்திலும் தண்ணீராகச் செலவழித்தார். தோட்டக் கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மேன் ஏரிக்கரைச் சரிவைச் செதுக்கி, புல்லாலேயே ஒரு வட்ட அரங்கம் அமைத்தார். கிட்டத்தட்ட மூன்று ஏக்கர். நம் ஊர் கோயில் குளத்துப் படிகளைப் புல்லால் செய்து வளைத்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு வந்த வில்லியம் கென்ட், வட்டமாக இருந்த குளத்தை இயற்கையான ஏரி போல மாற்றி நடுவில் தீவு வைத்தார். கடைசியில் பெருங்கடனோடு 1768ல் கோமகன் காலமானார். மனைவி எஸ்டேட்டை விற்க வேண்டிய நிலை.

வாங்க ஆள் தயாராக இருந்தார்.

ஐந்து பவுண்டிலிருந்து

1744ல் கிளைவ் மதராஸில் வந்து இறங்கும்போது அவர் ஒரு 'ரைட்டர்', அதாவது எழுத்தர். கணக்கெழுதும் வேலை. வருடச் சம்பளம் 5 பவுண்டு. கடை நிலை ஊழியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை நம்பி யாரும் கப்பல் ஏறவில்லை, சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்பதுதான் கம்பெனி வேலையின் கவர்ச்சி.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், கிளைவின் முதல் பணம் ஆற்காட்டு வீரத்தில் வந்ததல்ல. கர்நாடகப் போர்க் காலத்தில் கம்பெனிப் படைக்கு உணவுப் பொருள் வாங்கித் தரும் பொறுப்பு அவரிடம் இருந்தது. இன்றைய பாஷையில் சப்ளை காண்டிராக்ட். வாங்கும் விலைக்கும் பில் போடும் விலைக்கும் இடையில் இருந்தது அவர் பங்கு. 1753ல் ஊர் திரும்பும்போது கையில் சுமார் 40,000 பவுண்டு. அந்த வகையில் முதல் முதலீடு நம் பக்கத்து அரிசியிலும் மாட்டிலும் எடுத்ததுதான்.

ஆனால் அந்தப் பணம் கிளேர்மான்ட்டை எட்டவில்லை. சில வருடங்களிலேயே அப்பாவின் கடனிலும், ஒரு தேர்தல் செலவிலும், ஆடம்பரத்திலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மறுபடி கப்பல் ஏறினார். அடுத்தது வங்காளம்.

1757 ஜூன் 23, பிளாசி. புதிய நவாப் மீர் ஜாபர் கிளைவுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்தது 2,34,000 பவுண்டு என்று பின்னால் நாடாளுமன்றத்திலேயே பதிவானது. அதோடு நிற்கவில்லை. 1759ல் ஒரு ஜாகீர் கிடைத்தது. கட்டுரையின் முக்கியமான முடிச்சு இந்த ஜாகீரில்தான் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கல்கத்தாவைச் சுற்றியிருந்த 24 பர்கானா நிலங்களுக்குக் கம்பெனிதான் ஜமீன்தார். ஜமீன்தார் என்ற முறையில் அது நவாபுக்கு வருடாவருடம் ஒரு நிலையான தொகை கட்டியாக வேண்டும். "எனக்குக் கட்டவேண்டிய அந்தத் தொகையை இனிமேல் கிளைவுக்குக் கட்டிவிடுங்கள்" என்று நவாப் எழுதிக்கொடுத்துவிட்டார். வருடத்துக்குச் சுமார் 27,000 பவுண்டு. விளைவு? கம்பெனியின் ஊழியருக்குக் கம்பெனியே குத்தகை கட்டும் விசித்திரம். நம்முடைய மேனேஜருக்கே நம் கம்பெனி ஆபீஸ் வாடகை கொடுப்பது மாதிரி. இயக்குநர்கள் கடுப்பாகி 1763ல் நிறுத்திப் பார்த்தார்கள். கிளைவ் வழக்குப் போட்டார், ஆதரவாளர்களைத் திரட்டினார், மறு வருடமே பணம் திரும்ப ஓடத் தொடங்கியது. சாகும்வரை அது வந்துகொண்டிருந்தது.

அந்த 24 பர்கானா இன்றும் மேப்பில் இருக்கிறது. வடக்கு, தெற்கு என்று மேற்கு வங்கத்தின் இரண்டு மாவட்டங்கள்.

இனி கணக்கு. 1769ல் கிளைவ் கிளேர்மான்ட் எஸ்டேட்டை வாங்கிய விலை 25,000 பவுண்டு. ஜாகீரின் பதினொரு மாத வரும்படி! பிரதம மந்திரி ஒருவர் அரை நூற்றாண்டு காலம் செதுக்கிய எஸ்டேட், ஒரு வருடக் குத்தகைப் பணத்துக்குள் அடங்கிவிட்டது. அதே தொகையை 1744ன் எழுத்தர் சம்பளத்தில் சேர்ப்பதென்றால் 5,000 வருடம் ஆகும். எக்ஸெலில் இதைப் போட்டுவிட்டு, பூஜ்யம் ஏதாவது கூடிவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கூடவில்லை.

இடித்துக் கட்டியது

வாங்கியதும் வான்பரோவின் வீட்டை இடித்தார். அது தாழ்வான, ஈரமான இடத்தில் இருந்தது. 'கேபபிலிட்டி' பிரவுன் என்று புகழ்பெற்ற தோட்டக் கலைஞரையும், பிரவுனின் மருமகனாகப் போகிற ஹென்றி ஹாலந்தையும் அமர்த்தி, மேட்டு நிலத்தில் புது வீடு எழுப்பினார். அங்கே உதவியாளராக வேலை பார்த்த இளைஞர் ஜான் சோன், பின்னாளில் இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தை வடிவமைத்தவர். வெளிர் நிறச் செங்கல், முகப்பில் நான்கு பெரிய தூண்கள், மேலே முக்கோண முகட்டில் கிளைவின் குலச்சின்னம். வீட்டுக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த போர்ட்ஸ்மவுத் நெடுஞ்சாலையையே தள்ளிப் போட்டார்கள். வேலைக்காரர்கள் வந்துபோவது கண்ணில் படாமலிருக்கத் தரைக்குக் கீழே வழி.

வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக ஒரு லட்சம் பவுண்டு ஆனதாகச் சொல்வார்கள். ஜாகீர்க் கணக்கில் சுமார் மூன்று வருடம் எட்டு மாதம்.

சாப்பாட்டு அறைக்கு மட்டும் ஒரு தனித் திட்டம் இருந்தது. தன் இந்திய வாழ்க்கையைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டி அங்கே மாட்ட வேண்டும். வேலையை பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் கொடுத்தார். வெஸ்ட் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. 1765ல் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையான திவானியைக் கிளைவிடம் ஒப்படைக்கும் காட்சி அதில் ஒன்று. ஓவியத்தில் உயர்ந்த சிம்மாசனம், விதானம், யானைகள், பரிவாரம். நிஜத்தில் அது அலகாபாத்தில் கிளைவின் கூடாரத்துக்குள் நடந்தது. சிம்மாசனத்துக்குப் பதிலாகக் கிளைவின் சாப்பாட்டு மேசை மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்து, துணி போர்த்தி, பேரரசரை உட்கார வைத்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் நடந்ததைத் தன் சாப்பாட்டு அறைச் சுவரில் தர்பாராக மாற்றிக்கொள்ள நினைத்திருக்கிறார். மாளிகை கட்டுவதும் இதே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தராகப் போனவர் பிரபுவாகத் திரும்பிவிட்டார். ஆனால் பரம்பரைப் பிரபுக்கள் இவர்களை 'நபாப்' என்று கேலி செய்தார்கள். காசு இருக்கிறது, பாட்டன் பூட்டன் சொத்து இல்லை. அதற்குத்தான் ஒரு கோமகனின் எஸ்டேட்டும், தூண் வைத்த வீடும், முகப்பில் குலச்சின்னமும்.

அதே வருடங்களில் அங்கே

தோட்டத்தில் புல் அரங்கத்தின் மேல் படியில் உட்கார்ந்து போனில் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எஸ்டேட் வாங்கியது 1769. வீடு முடிந்தது 1774. வங்காளப் பெரும்பஞ்சம் 1769-70.

மழை பொய்த்தது. அரிசி விலை ஏறியது. வரி வசூல் மட்டும் நிற்கவில்லை. மாகாண மக்களில் மூன்றில் ஒரு பங்காவது இறந்திருக்கும் என்று 1772ல் வாரன் ஹேஸ்டிங்ஸே இயக்குநர்களுக்கு எழுதினார். அதே கடிதத்தில், 1771ன் நிகர வசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768ன் வசூலையும் தாண்டிவிட்டது என்ற தகவலும் இருக்கிறது. ஆள் குறைந்திருக்கிறது, வசூல் குறையவில்லை. இருப்பவன் தலையில் செத்தவன் வரியும் சேர்ந்து விழுந்தது என்று அர்த்தம்.

இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பஞ்சத்தில் செத்தவன் காசில் கட்டிய வீடு என்று நேர்கோடு இழுத்தால் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைக்கும், வரலாறு கெட்டுப்போகும். பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கியது பீகாரையும் வங்காளத்தின் வடக்கு, மேற்குப் பகுதிகளையும். கிளைவின் ஜாகீர் இருந்தது தெற்கே. கிளைவ் 1767லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். பஞ்ச காலத்தில் நிர்வாகம் அவர் கையில் இல்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வரி வசூல் ஏற்பாட்டை 1765ல் அமைத்தவர் அவர். நிலையான தொகை என்பதால் பஞ்ச வருடத்திலும் அவருக்கு வரவேண்டிய பவுண்டு குறையவில்லை. அங்கே விளைந்தாலும் விளையாவிட்டாலும் இங்கே செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

லண்டனில் பஞ்சச் செய்தி பரவியதும் கிளைவ் மீது கோபம் திரும்பியது. 1773 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம். 2,34,000 பவுண்டு வாங்கியது உண்மை என்று சபை ஒத்துக்கொண்டது. அடுத்து, அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்றும் தீர்மானம் போட்டது. இரண்டையும் ஒரே கூட்டத்தொடரில்! தண்டனை எதுவும் இல்லை.

ஊர் மக்கள் மட்டும் வேறு தீர்ப்பு வைத்திருந்தார்கள். கிளைவ் பற்றிய தன் 1840ஆம் வருடக் கட்டுரையில் மெக்காலே இரண்டு கதைகள் சொல்கிறார். கிளேர்மான்ட் சுவர்கள் எழும்புவதைப் பார்த்த சர்ரே விவசாயிகள், அந்தப் பொல்லாத பிரபு சாத்தான் தன்னைத் தூக்கிப்போகாமல் இருக்கத்தான் இவ்வளவு கனமாகச் சுவர் வைக்கிறான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். இன்னொன்று தோட்டக்காரர் பிரவுன் பற்றியது. முர்ஷிதாபாத் கஜானாத் தங்கம் நிரம்பியிருந்த பெட்டி ஒன்றைக் கிளைவின் படுக்கையறைக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று அதிசயித்தாராம். மெக்காலேக்குக் கதை சுவையாக இருந்தால் போதும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் முதல் கதை என் மனதிலிருந்து போகவில்லை. வங்காளம் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காத விவசாயிக்கு, இந்தச் சுவரில் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது.

1774 நவம்பர் 22 அன்று லண்டன் பெர்க்லி சதுக்க வீட்டில் கிளைவ் இறந்தார். வயது 49. தற்கொலை என்றே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். சொந்த ஊர்ப்பக்கம் மோர்டன் சே தேவாலயத்தில், எந்த அடையாளக் கல்லும் இல்லாமல் புதைத்தார்கள். கிளேர்மான்ட் வீடு அந்த வருடம்தான் முடிந்தது. அவர் அதில் குடிபோகவே இல்லை. அப்பாவின் பாதையில் மகன் எட்வர்ட் 1798ல் மதராஸ் கவர்னராக வந்தார். இன்றைய ராஜாஜி மண்டபம் அவர் கட்டிய விருந்து மண்டபம். அப்பா ஈஷரில், மகன் மவுண்ட் ரோட்டில், இரண்டும் தூண் வைத்த கட்டடங்கள்.

பிறகு வந்தவர்கள்

வீடு கை மாறிக்கொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமையாளர் சார்லஸ் ரோஸ் எல்லிஸ். இவர் காசு ஜமைக்காக் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அதாவது அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. சூரத், வங்காளம் முடிந்து ஜமைக்கா! பிளேம் பட்டியலில் ஒவ்வொரு வரியாக உலக வரைபடமே விரிந்துகொண்டிருந்தது.

1816ல் இளவரசி சார்லட்டுக்கும் ஜெர்மானிய இளவரசர் லியோபோல்டுக்கும் திருமணம். கல்யாணப் பரிசாக நாடாளுமன்றமே சட்டம் போட்டு கிளேர்மான்ட்டை வாங்கிக் கொடுத்தது. மதிப்பு 60,000 பவுண்டு. சார்லட் வருங்கால அரசி, மக்கள் செல்லம். ஒன்றரை வருடம்தான் வாழ்ந்தார். 1817 நவம்பரில் இரண்டு நாளுக்கு மேல் நீண்ட பிரசவ வலி. ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. மறுநாள் விடிவதற்குள் 21 வயதுத் தாயும் போய்விட்டார். தோட்டத்தில் அவர் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டிருந்த தேநீர் மண்டபத்தை லியோபோல்ட் அவர் நினைவு மண்டபமாக மாற்றினார். பிரசவம் பார்த்த மருத்துவர் மூன்று மாதத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

வாரிசு இல்லாமல் போன அரச குடும்பத்தில் நடுத்தர வயது இளவரசர்கள் எல்லாம் அவசரமாகக் கல்யாணம் செய்தார்கள். அதில் ஒருவர் மணந்தது லியோபோல்டின் அக்காவை. அவர்களுக்கு 1819ல் பிறந்த பெண் விக்டோரியா. சிறுமியாக மாமா வீட்டுக்கு, இதே கிளேர்மான்ட்டுக்கு, விடுமுறைக்கு வருவாள். 1877ல் இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டவர் ஓடி விளையாடிய வீடு, கிளைவ் கட்டியது. அந்த வீட்டில் சார்லட் பிழைத்திருந்தால் விக்டோரியா என்ற அரசியே இருந்திருக்க மாட்டார்.

1848 புரட்சியில் பதவி இழந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப், மாப்பிள்ளை லியோபோல்டின் இந்த வீட்டில்தான் அடைக்கலம் புகுந்தார். ஈயம் கலந்த தண்ணீரால் அவர் குடும்பமே நோயில் விழுந்தது. 1850ல் மன்னர் அங்கேயே இறந்தார். பின்னர் விக்டோரியா தன் மகன் ஆல்பனி கோமகனுக்குக் கொடுத்தார். அடுத்த வாரிசு முதல் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் நின்றதால், 1922ல் தாய் இறந்தபோது வீடு அவர் கைக்குப் போகவில்லை. எஸ்டேட் துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1930 வாக்கில் மாளிகையே இடிபடும் நிலை. ஒரு பள்ளிக்கூடம் வாங்கியதால் தப்பியது. இன்றும் அது பள்ளிதான்.

தோட்டத்தில் 50 ஏக்கர் 1949ல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. 1975ல் சீரமைப்பைத் தொடங்கியபோது பிரிட்ஜ்மேனின் புல் அரங்கம் மரமும் புதருமாக மூடிக் கிடந்தது. கிளைவின் காலத்தில் பிரவுன், பழைய மோஸ்தர் என்று அதன் மேல் மரம் நட்டு மறைத்திருந்தார். யாரும் தொடாததாலேயே அடியில் வடிவம் அப்படியே இருந்தது. வெட்டி விலக்கியதும் படிப்படியாக வெளியே வந்தது.

நான் உட்கார்ந்திருந்தது அந்தப் படியில்தான். கீழே ஏரியில் வாத்துக்களுக்கு ஒரு குழந்தை ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. மேட்டில் மரங்களுக்கு அப்பால்தான் அந்த வெளிர் நிற வீடு. தோட்டத்துத் துண்டுக் காகிதம் கிளைவை ஒரே வரியில் முடித்திருந்தது: எஸ்டேட்டை வாங்கினார், புது வீடு கட்டினார். தவறு எதுவும் இல்லை. 24 பர்கானா என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

அடுத்து, மதராஸ் கவர்னராக இருந்து வைரம் விற்ற காசில் எஸ்டேட்டுகள் வாங்கிய தாமஸ் பிட் பற்றிய குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். நேரம் கிடைத்தால் அதையும் எழுதுகிறேன்.